சும்மா என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

அந்த வீடியோவில் என் முகம் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். ஒரே ஒரு வரி, தமிழில், பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று தாழ்த்திச் சொன்னது: “சும்மாதாம்மா, நான் இருக்கேன்ல.” உடனே ஒரு பெண் நிமிர்ந்து, எதிரே இருப்பவரைப் பார்த்து, இந்தியில், “ஹான், மைன் த்ரோஹி ஹூன்” என்கிறாள். ஆமாம், நான் துரோகிதான். அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது.

போன மழைக்காலத்தில் புனேயில் எத்தனை கைப்பேசிகளில் அது ஓடியது என்று எனக்குத் தெரியாது. எனக்கே பல பக்கமிருந்தும் வந்தது. எங்கள் சர்ச் வாட்ஸாப் குழுவில்கூட வந்தது, “யார் பெற்ற பிள்ளையோ, ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்ற குறிப்புடன். என் குரலை அங்கே யாரும் அடையாளம் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே குரலில்தான் அவர்களுக்கு வேதபாடம் வாசிக்கிறேன்.

நான் வரலாற்று ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். புனேயின் கட்கியில் பிறந்து கட்கியிலேயே கிழவனானவன். வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் வாரந்தோறும் வியாழக்கிழமை மாலை வாசிப்புக் குழு ஒன்று நடத்தட்டுமா என்று நானே போய்க் கேட்டேன். துறைத்தலைவி ஒரு காலத்தில் என் மாணவி. “சர், நீங்க கேக்கணுமா?” என்று மாடியில் ஓர் அறையைக் கொடுத்தார். மரத்தடி இருட்டு எப்போதும் உள்ளே வந்து நிற்கிற அறை. அமெரிக்க விடுதலையின் தலைவர்களைப் பற்றி வாசிப்பது என்று முடிவு செய்தோம்.

அந்த விஷயத்தைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். காரணத்தை இப்போது ஒளிப்பதில் பயனில்லை. பாதுகாப்பான விஷயம் என்று நினைத்தேன். நம் ஊர்த் தலைவர்களில் யாரைப் பற்றி வாய் திறந்தாலும் யாருக்காவது கோபம் வருகிறது. செத்து இருநூறு வருடமாகப் போகிற வெள்ளைக்காரர்களைப் பற்றிப் பேசினால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

ஏழெட்டுப் பேர் வருவார்கள். மராத்திப் பிள்ளைகள், இரண்டு பீகார்ப் பையன்கள், ஒரு தமிழ்ப் பெண். அவளுடைய குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்து பாணேரில் குடியிருந்தது. அவள் வளர்ந்தது இங்கேதான். ஐடி கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு எம்.ஏ. வரலாற்றில் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. ஒரு வருடம் பார்ப்போம், பாஸானால் படி, இல்லாவிட்டால் பழைய வேலைக்கே போ என்று சொல்லியிருந்தாராம். முதல் நாளே என்னிடம் வந்து, “சார் நீங்க தமிழா? என் டமில் கொஞ்சம் ப்ரோக்கன் சார். சிரிக்கக் கூடாது” என்றாள். அன்றிலிருந்து என்னிடம் தமிழில்தான் பேசுவாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மேடுபள்ளமான ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டுவதுபோலப் பேசுவாள். எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் தெரியும்.

நாங்கள் பேசுவதைக் கேட்கும் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு சொல்லில் மட்டும் அடக்க முடியாத சிரிப்பு. சும்மா என்று யார் சொன்னாலும் அவர்கள் காதில் அது இந்தியின் ‘சும்மா’வாக, முத்தமாக விழுந்துவிடும்.

“சர், க்ளாஸ்லயா? எல்லார் முன்னாடியுமா?” என்பான் ஒரு பீகார்ப் பையன், கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

“போடா லூசு” என்பாள் அவள், தமிழிலேயே. அதை எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

ஒருநாள் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். காரணமில்லாமல் வந்தால் சும்மா வந்தேன். காசில்லாமல் கிடைத்தால் சும்மா கிடைத்தது. வேலையில்லாமல் இருந்தால் சும்மா இருக்கிறான். திரும்பத் திரும்பச் சொன்னால் சும்மா சும்மா சொல்கிறான். விளையாட்டுக்குச் சொன்னால் சும்மாதான் சொன்னேன். பேசாமலிரு என்பதற்கும் சும்மா இரு. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளும் குறித்துக்கொண்டாள். “இவ்வளவு இருக்கா சார்? எங்க வீட்டுல அம்மா ‘சும்மா இரு’ மட்டும்தான் சொல்வாங்க” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தத் தலைவர்களின் தைரியத்தைப் பற்றி நான் நிறையப் பேசினேன். அதற்கு முன்னால் அவர்களுடைய பயத்தைப் பற்றியும் பேசினேன், அதுதான் எனக்கு நன்றாக வரும். அரசனுக்கு எதிராகக் கையெழுத்துப் போடுபவனுக்கு அந்நாளைய சட்டம் என்ன தண்டனை வைத்திருந்தது என்பதை, தூக்கிலிடுவதில் தொடங்கி அதற்குப் பிறகு உடலுக்குச் செய்வது வரை விவரித்தேன். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களைச் சில மாதங்கள் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள் என்றும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது பிடித்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுப் படுத்திருப்பார்கள், இல்லையா சார் என்று அவள் கேட்டாள். அடிமைகளை வைத்துக்கொண்டே எல்லோரும் சமம் என்று எழுதியவரைப் பற்றி அவளுக்கு ஓயாத கோபம். அவளுக்குப் பிடித்தவர் வேறொருவர், கூட்டத்தைச் சுட்ட அரசனின் சிப்பாய்களுக்கே கோர்ட்டில் வக்கீலாக நின்று, ஊராரின் வசவை வாங்கிக்கொண்டு, பிறகு விடுதலைப் பக்கம் வந்தவர். “யாருமே நிக்காதப்ப நின்னாரு சார்” என்பாள்.

அந்த மாதத்தின் கடைசிக் கூட்டத்துக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். அந்தத் தலைவர்களை அரசனின் கோர்ட்டில் நிறுத்துவோம். பீகார்ப் பையன் அரசு வக்கீல். நான் நீதிபதி, விக்குக்குப் பதிலாகத் தலையில் ஒரு வெள்ளைத் துண்டு. அவள் தலைவர்கள் எல்லோருக்குமாக நின்று பதில் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியில் வைத்துக்கொண்டோம். அவள் எழுதிக்கொண்டு வந்ததில் ‘பாகி’ என்ற சொல் இருந்தது. கலகக்காரன். ஆமாம், நான் கலகக்காரன், என் பேச்சைக் கேட்காத அரசனுக்கு எதிராக.

நான் ஒப்பவில்லை. “பாகின்னா சினிமா ஹீரோ மாதிரி இருக்கும்மா. சட்டம் அவங்களை துரோகின்னுதான் சொல்லிச்சு. அந்த வார்த்தையைத்தான் அவங்க தலையில ஏத்துக்கிட்டாங்க. த்ரோஹின்னே சொல்லு.”

“சார், அந்த வர்ட் வேணாமே” என்றாள். “இப்ப அந்த வர்டுக்கு வேற மாதிரி... தெரியும்ல சார்?”

“நம்ம எட்டுப் பேர் இருக்கிற ரூம்ல என்ன?”

அன்று நல்ல மழை. பையன் மேசையைக் குடையால் தட்டி, “நீ த்ரோஹியா இல்லையா?” என்று கத்தினான். அவள் சொல்ல வாயெடுத்தாள், நிறுத்தினாள், என்னைப் பார்த்தாள். ஒருத்தி தன் ஸ்டேட்டஸில் போடுவதற்காகக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னேன். “சும்மாதாம்மா, நான் இருக்கேன்ல.”

அவள் சொன்னாள். அதற்குப் பிறகு, அரசனுக்கு, கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற அரசனுக்கு என்று நிறையச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். கைப்பேசியில் எடுத்தவள் முதல் வரியோடு நறுக்கி, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றைச் சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. யாரோ அதை எடுத்து, பொம்மையை நீக்கிவிட்டு, “பல்கலைக்கழகத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் பாருங்கள்” என்று எழுதிப் பரப்பிவிட்டார்கள்.

இரண்டொரு நாளில் அது ஊரெல்லாம் போய்விட்டது. மோட்டார் சைக்கிள்களில் சிலர் வந்து துறை வாசலில் நின்று, அவளுடைய பெயரைச் சொல்லி, எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு வருவாள் என்று விசாரித்தார்கள். சத்தம் போடவில்லை. ஒருவன் காவலாளிக்குப் புகையிலைகூடக் கொடுத்தானாம். அவள் நம்பர் எப்படியோ வெளியே போய், கைப்பேசியை அணைத்துவைக்க வேண்டியதாயிற்று. எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. மிகவும் மரியாதையான மராத்தி. “காக்கா, அந்த வீடியோவில் பின்னால் பேசுவது நீங்கள்தானா? எந்த பாஷை அது?” என்னைச் சித்தப்பா என்று அழைக்கும் அந்தக் குரலை நான் பாதியில் துண்டித்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் சந்தில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போய் நின்றுகொள்வேன்.

“ஏங்க, என்னத்துக்கு பூதத்தைப் பார்த்த மாதிரி நிக்கீங்க?” என்றாள் மனைவி. “தர்வாஜா தாப்பா போட்டாச்சான்னு எத்தனை வாட்டி பாப்பீங்க? அவன் தூத்வாலா!”

பால்காரன்தான். இருந்தாலும் என் கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. அது என் அப்பாவின் பழக்கம். அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாசலில் தினமும் சோதனை. பையில் ஒரு தீக்குச்சி அகப்பட்டால் போதும், வேலை போய்விடும். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆன பிறகும், சர்ச்சுக்குக் கிளம்பும்போதும் காய்கறிக்குப் போகும்போதும், வாசற்படியில் நின்று தன் பையைத் தானே தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். நாங்கள் சிரிப்போம். எங்கள் வீட்டில் பேசக்கூடாதவை என்று நிறைய உண்டு, காரணம் யாரும் சொன்னதில்லை. நான் அந்த வீட்டில் வளர்ந்தவன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. என் தம்பியும் அதே வீட்டில்தான் வளர்ந்தான், அவன் என்னைப்போல் இல்லை.

விசாரணைக் குழு கூடியது. துறைத்தலைவி, வேறு துறையிலிருந்து ஒரு பேராசிரியர், எழுதிக்கொள்ள அலுவலகத்திலிருந்து ஒருவர். மேசையின் ஒரு கோடியில் நான், மறுகோடியில் அவள். வாசிப்புக் குழு, கோர்ட் விளையாட்டு எல்லாவற்றையும் நான் விளக்கினேன். அது எடுபட்டது. விளையாட்டுதான் என்று அவர்களுக்கும் புரிந்தது. ஆனால் வெளியே யாருக்காவது பதில் சொல்லியாக வேண்டும், அதற்கு யாராவது தவறு செய்திருக்க வேண்டும். அந்த அறையில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

லேப்டாப்பில் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் என் குரல். கடைசியில் துறைத்தலைவி அதை நிறுத்தினார்.

“சர், இது உங்க குரல். உங்களை எனக்குத் தெரியும், நீங்க அவளைத் தடுக்கத்தான் பார்த்திருப்பீங்க. இல்லையா?” கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்தார். என் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். “‘சும்மா’ ம்ஹண்ஜே காய்?”

சும்மா என்றால் என்ன. அந்தச் சொல்லுக்கு அந்த அறையில் சாட்சி சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நான். அடுத்தவள் மேசையின் மறுகோடியில், துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன ஆகியிருக்கும்? நான் ஓய்வு பெற்றவன். யாரும் என்னை எதிலிருந்தும் நீக்க முடியாது. வியாழக்கிழமை மாலைகள் போயிருக்கும், அவ்வளவுதான். இதையெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அந்த நேரத்தில் அந்த மரியாதையான மராத்திக் குரல்தான் காதில் இருந்தது, காக்கா, நீங்கள்தானா என்று.

“காஹீ ந போல்தா” என்றேன். ஒன்றும் பேசாமல்.

“அதாவது, பேசாமலிருன்னு சொன்னீங்க?”

“ஆமாம்.”

“மீதி?”

“நான் இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன்.”

பொய் என்று யாரும் பிடிக்க முடியாத பொய். சும்மாவுக்கு அந்தப் பொருள் உண்டு. நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சும்மாதான் என்பதில் இருந்த ‘தான்’ ஒன்றை மட்டும் விழுங்கினேன். அதை விழுங்கியதும் விளையாட்டு, சும்மாதான், சொல்லு என்று தைரியம் கொடுத்தவன் மறைந்துபோய், வேண்டாம் என்று தடுத்த பெரியவர் ஒருவர் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டார். தடுத்தும் கேட்காமல் சொன்னவள் அவள்.

அலுவலக ஆள் எழுதிக்கொண்டார். துறைத்தலைவி அவள் பக்கம் திரும்பினார். “சர் இவ்வளவு சொல்லியும் ஏன் சொன்னாய்?”

அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன், சொல்லக்கூடாதே என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே சமயத்தில்.

“ஸாரி மேடம்” என்றாள். “எனக்குச் சரியாப் புரியலை.”

அவளை அந்த வருடத் தேர்வு எழுதவிடாமல் நிறுத்தினார்கள். அறிவிப்புப் பலகையில், ஆசிரியரின் அறிவுரையை மீறி நடந்துகொண்டதற்காக என்று காரணம் போட்டிருந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு வரவில்லை. என் வாசிப்புக் குழு தொடர்ந்தது. அடுத்த வியாழக்கிழமை நான் போனேன். அவளுடைய நாற்காலியில் பீகார்ப் பையன் தன் குடையை வைத்திருந்தான். யாரும் சும்மா என்ற சொல்லுக்குச் சிரிக்கவில்லை, யாரும் அதைச் சொல்லவும் இல்லை.

அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்றே வாரக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்தும், கிழவன் பிழைத்துப்போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள் என்று. அதை நினைத்து ஜெபத்தில் அழுதும் இருக்கிறேன். அந்த அழுகையில் கொஞ்சம் சுகம்கூட இருந்தது. பயம் மட்டும் போகவில்லை. எந்த நாளும் அவள் மனம் மாறிச் சொல்லிவிடலாம் என்று, அழைப்பு வரும்போதெல்லாம் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

அழைத்தது அவளுடைய அம்மா. “சார், ஒருக்கா வீட்டுக்கு வந்து இவகிட்ட பேசுங்க சார். படிப்பே வேண்டாம்ங்கறா. பழைய கம்பெனிக்கே போறேன்னு எழுதிக்கூடப் போட்டுட்டா. நீங்க சொன்னாத்தான் கேப்பா.”

தெரிந்துகொண்டு கூப்பிடுகிறார்களா, தெரியாமல் கூப்பிடுகிறார்களா என்று புரியவில்லை. போகாமலிருக்க என்னென்னவோ யோசித்தேன். மனைவிதான், “அந்தப் பிள்ளை உங்களை அவ்வளவு நம்பிச்சு, ஒரு ரிக்ஷா பிடிச்சுப் போய்ட்டு வர முடியலையா?” என்றாள். அவளுக்கும் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பாணேரில் உயரமான கட்டடம். லிஃப்டில் என் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். கதவைத் திறந்த அம்மா, “வாங்க சார், வாங்க. மழையில நனைஞ்சுட்டீங்களாட்ட இருக்குது” என்று துண்டு எடுத்துவந்தார். காபி வந்தது. “நீங்க அத்தனை பேர் முன்னாடி பேசாம இருன்னு சொல்லியும் இவ கேக்கலீங்க பாருங்க. சின்னதுல இருந்தே அப்படித்தான். உங்களுக்கும் கெட்ட பேரு ஆயிருக்குமே சார், மன்னிச்சுக்கோங்க.”

டம்ளர் கையில் சூடாக இருந்தது. வைக்க இடம் பார்த்தேன்.

அவள் உள்ளேயிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். என்னிடம் அவளுக்குக் கோபமில்லை என்பதை முகத்தைப் பார்த்ததும் கண்டேன், அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“சார், ஒண்ணு கேக்கட்டா?” என்றாள். “அன்னைக்கு எனக்கு ‘சும்மாதான்’னு கேட்டுச்சு. விளையாட்டுதான், சொல்லுன்னு. மீட்டிங்ல நீங்க சொன்னப்பதான்... ஓ, ‘சும்மா இரு’வான்னு தோணுச்சு. திரும்பத் திரும்ப அந்த வீடியோ போட்டுப் பார்த்தேன் சார். இப்ப எனக்கே ‘சும்மா இரு’ மாதிரிதான் கேக்குது.” சிரிக்கப் பார்த்தாள். “என் டமில் அவ்வளவுதான். வீட்டு பாஷையே சரியாக் காதுல விழலை, நான் போய் ஹிஸ்டரி படிச்சு யார் சொன்னதை என்னன்னு எழுதப் போறேன்? அதான் விட்டுட்டேன். உங்களை வேற மாட்டி விட்டுட்டேன். ஸாரி சார்.”

அவள் என்னைக் காப்பாற்றவேயில்லை. தன் காதைவிட என் தமிழை நம்பியிருந்தாள்.

என்னால் அப்போதும் பேசாமலிருக்க முடிந்திருக்கும். படிப்பை விடாதே என்று நாலு வார்த்தை புத்தி சொல்லி, காபியைக் குடித்துவிட்டு, மழை விட்டதும் கிளம்பியிருக்கலாம். அந்த வழியும் எனக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

“உனக்குக் கேட்டதுதாம்மா சரி” என்றேன்.

“என்ன சார்?”

“சும்மாதான்னுதான் சொன்னேன். சொல்லச் சொன்னவன் நான்தான். அந்த வார்த்தை வேணாம்னு நீ சொன்னே, நான்தான் கேக்கலை. மீட்டிங்ல பயந்துட்டேன். மாத்திச் சொன்னேன்.”

அம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அவளுடைய முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. கணக்குக்கு விடை சரியாக வந்த பிள்ளையின் முகம்.

“அப்ப என் டமில் கரெக்ட்தானா சார்?”

“சரிதாம்மா. உன் காது சரிதான்.”

அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து, என் கையிலிருந்த காபி டம்ளரை வாங்கி, அம்மாவிடம் கொடுத்தாள்.

“இதை இந்தியில சொல்லுங்க சார்” என்றாள். “மராத்தியில சொல்லுங்க. அங்க போய்ச் சொல்லுங்க. இங்க தமிழ்ல சொன்னா யாருக்குக் கேக்கும்?”

அம்மா கதவைத் திறந்துவிட்டார். துண்டைத் திரும்பக் கேட்கவில்லை. தோளில் கிடந்ததை லிஃப்டில்தான் பார்த்தேன், வெள்ளைத் துண்டு.

மறுநாள் காலை பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மரங்களுக்கு அடியில் நடக்கும்போது இரண்டு முறை நின்றேன். மூச்சு வாங்குகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன, மாணவர்களுடையவைதான். அப்படியே திரும்பிப் போய்விட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அரசனுக்கு எதிராகக் கையெழுத்திட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுப் படுத்திருப்பார்கள் இல்லையா என்று அவள் கேட்டது நினைவு வந்தது. அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டல்லவா போனார்கள்.

துறைத்தலைவி கோப்புகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த விசாரணைக்குப் பிறகு அவர் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுவைத்திருந்தார். கரும்பலகையில் நான் எழுதிய மற்றப் பொருள்களையும் பிள்ளைகள் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“காய் சர், சும்மா?” என்றார். என்ன சார், சும்மா வந்தீங்களா?

“இல்லை” என்றேன், மராத்தியில். “சும்மா வரவில்லை.”

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். சும்மா வேறு, சும்மாதான் வேறு என்றேன். அவள் ‘பாகி’ என்று எழுதிக்கொண்டு வந்ததையும், நான் அதை மாற்றச் சொன்னதையும், அவள் தயங்கியதையும், நான் தைரியம் கொடுத்ததையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார், வைத்தார்.

“சர், அந்தக் கேஸ் முடிஞ்சுபோச்சு. இப்ப நான் இதை எழுதினா, அவ தேர்வு எழுதலாம். ஆனா வெளியில இருக்கறவங்களுக்கு ஒரு ஆள் வேணும். வாசிப்புக் குழு போகும். உங்களை இந்த கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. உங்க பெயர் அந்த போர்டுல வரும். அவங்க உங்க வீட்டைக் கண்டுபிடிப்பாங்க. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரியும்.”

“பயமா இல்லையா சர்?”

“ரொம்பப் பயமாக இருக்கிறது” என்றேன். “எழுதிக்கொள்ளுங்கள்.”

அவர் எழுதினார். படித்துக் காட்டினார். சும்மா என்பதை மராத்தி எழுத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டார், சொன்னேன். ‘தான்’ விட்டுப்போயிருந்தது. அதையும் சேர்க்கச் சொல்லி, பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது மாதிரி கோணலாக விழுந்தது.